மண்ணின் பிடிமானம்
பேராக் மாநிலத்தில் தமிழர் எழுப்பிய சுவர்களும் சுதைகளும்

மனத்தில் ஆழப் பதிந்த செய்தியைப் ‘பசுமரத்தாணி போல’ என்று கூறுவது தமிழ் வழக்கு. பச்சை மரத்தில் ஆணி அறைந்தால், அதன் நார்கள் விலகி இடங்கொடுத்துப் பின்னர்த் திரும்பி நெருக்கி ஆணியை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. அதே ஆணியை மண்சுவரில் அறைந்தாலோ, சுவர் பொடியாக உதிர்கிறது; ஆணியும் சற்று நேரத்தில் கழன்று விழுகிறது. ஆயினும் அம்மண்சுவரே மூங்கிலையும், மரமுளையையும், கதவு நிலையையும் தலைமுறை தலைமுறையாகத் தாங்கி நிற்கக் காண்கிறோம். அடித்த ஆணியைப் பிடிக்காத மண், பதித்த முளையைப் பிடிப்பது எவ்வாறு? சிறிய வினாவே எனினும், தமிழர் கட்டடக் கலையின் வரலாற்றில் ஒரு பெரும்பகுதி இவ்வினாவுக்குள் அடங்கியிருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து பேராக் மாநிலத்துக்கு வந்த கொத்தர்களின் வரலாறும் அதனுள் அடக்கம்.

மண் பிடிக்கும் முறை

சுவர் எடுக்க உதவும் மண் ஒரே பொருளன்று. களி, வண்டல், மணல் என மூன்றும் கலந்தது அது. மணல் சுவருக்கு எலும்பு போன்றது. களியே தசையும் பசையும் ஆகும். களியின் துகள்கள் கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய தகடுகள். அவற்றிடையே நீர் புகுந்தால் அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், மண் குழையும். நீர் உலர உலர, எஞ்சிய மென்னீர்ப் படலங்கள் தகடுகளை ஒன்றோடொன்று இழுத்து நெருக்கும். மண் சுருங்கி இறுகும். 

ஈரமண்ணில் ஒரு முளையைப் பதித்தால், மண் அதன் மேடு பள்ளங்களிலெல்லாம் புகுந்து படிகிறது. பின்னர் மண் உலர்ந்து சுருங்கும்போது, நடுவில் நிற்கும் முளை சுருங்குவதில்லை. ஆகவே, சுற்றியுள்ள மண் வளையம் போன்று அதனை இறுக்குகிறது. பிடி இவ்வாறே பிறக்கிறது. ஆனால், களி மிகுந்தால் சுருக்கமும் மிகும். வளையம் தாங்காது வெடிக்கும். வெடித்தபின் பிடி இல்லை. இதனை அறிந்தே நம் முன்னோர் மண்ணுடன் வைக்கோலையும் உமியையும் கலந்து மிதித்துப் புளிக்கவைத்தனர். ஒரு பெரிய வெடிப்பு எழ வேண்டிய இடத்தில், நார்ப்பொருள் அதனைப் பல நுண்ணிய வெடிப்புகளாகப் பகிர்ந்துவிடுகிறது. நுண்ணிய வெடிப்புகளால் சுவருக்கு ஊறில்லை.

உலர்ந்த சுவரில் ஆணி அறைவது இதற்கு நேர்மாறான செயல். மண் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. ஆணி தன்னைச் சுற்றியுள்ள மண்ணைப் புறத்தே தள்ளுகிறது, மரநார்போல் மீண்டு நெருக்க மண்ணுக்கு இயலாது, ஆதலின் உடைகிறது. இக்காரணம் பற்றியே பழைய வீடுகளில் விளக்கைத் தொங்கவிடாமல் மாடக்குழியில் வைத்தனர். துணி தொங்கவிட வேண்டுமாயின் சுவர் ஈரமாய் இருக்கும்போதே முளையைப் பதித்தனர். கதவு நிலையின் மேற்கட்டையும் கீழ்க்கட்டையும் இருபுறமும் நீண்டு சுவருக்குள் புதையுமாறு அமைத்தனர். மேலே ஏறும் சுவரின் பாரமே அவற்றை அசையாது அழுத்தி நின்றது.

மண்ணின் பிடிக்கு ஒரு குறையுண்டு. நீர் தந்த பிடியை நீரே பறித்துவிடும். ‘மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா?’ என்னும் பழமொழி இவ்வுண்மையை நன்கு உணர்ந்தவர் கூற்று.

மண்டளியும் கற்றளியும்

தமிழ்நாட்டுத் திருக்கோயில்கள் முதலில் மண்ணாலும் மரத்தாலும் செங்கல்லாலும் ஆனவை. திருவாரூரில் உள்ள பரவையுண்மண்டளி என்னும் பெயரில் ‘மண்தளி’ என்ற சொல் இன்றும் வாழ்கிறது. மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில், 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் நடந்த அகழாய்வில், பிற்காலக் கோயிலின் அடியில் மிகப் பழைய செங்கற்கோயில் ஒன்று வெளிப்பட்டது. ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் ஒரு குடைவரையை அமைத்து, செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகியவை இன்றியே அதனை ஆக்கியதாகக் கல்வெட்டில் பொறித்தான். எவையெவை இல்லை என்று அவன் எடுத்துரைத்த பட்டியலே, அதுவரை கோயில்கள் எவையெவற்றால் கட்டப்பட்டன என்பதற்குச் சான்றாகிறது.

செங்கல் என்பது நெருப்பால் நிலைபெற்ற மண். ஏறத்தாழ 500 முதல் 600 பாகை வரை வெப்பம் ஏறும்போது களியின் உள்ளமைப்பில் கட்டுண்டிருந்த நீரும் வெளியேறுகிறது. மேலும் வெப்பம் ஏறத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அதன்பின் அதனை எவ்வளவு நனைத்தாலும் மீண்டும் சேறாகாது. மண்குதிரை இங்கே ஆற்றைக் கடந்துவிட்டது எனலாம்.

செங்கல்லைச் செங்கல்லோடு பிணைப்பது சுண்ணாம்புக் காரை. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சுட்டால், அதிலுள்ள கரியமில வாயு நீங்குகிறது. சுட்ட சுண்ணாம்பை நீற்றி, மணல் சேர்த்துச் செக்கில் அரைத்துப் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உட்கொண்டு மீண்டும் கல்லாகிறது. கல்லாகப் பிறந்து, நீறாகி, மறுபடி கல்லாவது சுண்ணாம்பின் வாழ்க்கை. காரைக்குள் கடுக்காய் ஊறிய நீரையும் பனைவெல்லத்தையும் சேர்ப்பது தமிழ்க் கொத்தர் மரபு. அவை காரையைக் குழைவுடையதாக்கி, விரைந்து உலர்ந்து வெடிக்காமல் காக்கின்றன. செங்கல்லை முன்கூட்டி நீரில் நனைப்பதும் பொருளற்ற சடங்கன்று. உலர்ந்த செங்கல் காரையின் நீரை உறிஞ்சிவிடும், நீர் இழந்த காரை இறுகுமுன்னரே தூளாகும், பிடி பிறவாது.

பேராக்கின் மழையும் தோட்டத்து வீடும்

இக்கலை மலாயா மண்ணுக்கு வந்தபோது முதலில் எதிர்கொண்டது மழையை. தமிழ்நாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 950 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஈப்போவை உள்ளிட்ட கிந்தாப் பள்ளத்தாக்கிலோ 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, மாதந்தோறும் மழையுண்டு. பச்சை மண்சுவர் உலர்ந்து இறுகுவதற்கு இங்கே காலமே வாய்ப்பதில்லை. மலாய் மக்கள் மரத்தையும் அத்தாப்பையும் கொண்டு, கால்கள்மேல் உயர்த்திய வீடுகளை அமைத்தது இந்நாட்டின் இயல்பறிந்த செயல்.

1877-ஆம் ஆண்டில் கோலகங்சாரில் ஹியூ லோ ரப்பர்க் கன்றுகளை நட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேராக்கின் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாக மாறின. கங்காணிகள் வழியாகவும், 1907-ஆம் ஆண்டில் அமைந்த தமிழர் குடியேற்ற நிதியின் வழியாகவும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து மக்கள் வந்தனர். அவர்களுக்குக் கிடைத்தவை பலகையாலும் அத்தாப்பாலும், பின்னர்த் தகரத்தாலும் ஆன லயங்கள். மண்சுவர் எடுக்கக் கற்ற கைகளுக்கு அங்கே சுவர் இல்லை. அடுப்பும், சாணம் மெழுகிய வாசலும், மரத்தடியில் நட்ட சூலமுமே அவர்கள் மண்ணோடு கொண்ட உறவுக்கு எஞ்சிய இடங்கள்.

சூலம் நடுவதும் ஒரு பிடிமானக் கலையே. குழி தோண்டி, சூலத்தை நிறுத்தி, சுற்றிலும் கல்லும் மண்ணும் சிறிது சிறிதாக இட்டு இடித்தால்தான் அது சாயாமல் நிற்கும். ஒரே முறையில் மண்ணைக் கொட்டி மூடினால் மேற்புறம் மட்டும் இறுகும்; அடியில் வெற்றிடம் நிற்கும். ஆழம் கூடக்கூட மண்ணின் பக்க அழுத்தமும் உராய்வும் கூடுகின்றன. தோட்டத்துக் கோயில்கள் பலவற்றின் முதற்கல் இவ்வாறு நட்ட சூலமோ, நடுகல்லோதான். பின்னர் அத்தாப்புக் கொட்டகை. பின்னர்த் தகரக் கூரை. பின்னர்ச் செங்கற்சுவரும் சுதையும். தமிழ்நாட்டில் பல நூற்றாண்டுகளில் நடந்த மாறுதல், தோட்டங்களில் இரண்டு மூன்று தலைமுறைகளில் நிகழ்ந்தது.

கெல்லி மாளிகை

பத்துகாஜாவை அடுத்த கெல்லி மாளிகை இவ்வரலாற்றில் ஒரு தனி இடம் பெறுகிறது. ஸ்காத்லாந்தில் 1870-ஆம் ஆண்டு பிறந்த வில்லியம் கெல்லி ஸ்மித், 1890-ஆம் ஆண்டில் மலாயாவுக்கு வந்து, நில அளவைப் பணிகளில் பொருளீட்டி, கிந்தா மாவட்டத்தில் ஏறத்தாழ 1,000 ஏக்கர் காட்டை வாங்கி ‘கிந்தா கெல்லாஸ்’ என்னும் தோட்டத்தை நிறுவினார். முதலில் ஒரு வீடு கட்டினார். 1915-ஆம் ஆண்டில் அதனை ஒட்டி ஆறு நிலைக் கோபுரத்துடன் கூடிய மாளிகை ஒன்றைத் தொடங்கினார். இதற்கெனச் சென்னை மாகாணத்திலிருந்து எழுபது கைவினைஞரை வரவழைத்தார் என்றும், செங்கல்லும் சலவைக்கல்லும் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தன என்றும் அம்மாளிகையின் வரலாறு கூறுகிறது. 

முதல் உலகப் போரின் முடிவில் உலகெங்கும் பரவிய நச்சுக் காய்ச்சல் இத்தோட்டத்தையும் தாக்கியது. தொழிலாளர் பலர் மாண்டனர். எஞ்சியோர் மாரியம்மனுக்கு ஒரு கோயில் வேண்டினர். ஸ்மித் அதற்கு இசைந்து உதவினார் என்பது செவிவழிச் செய்தி. மாளிகைக்கு அருகில் அக்கோயில் இன்றும் இருக்கிறது. அதன்மேல் தெய்வ உருவங்களோடு ஐரோப்பிய உடையணிந்த சுதையுருவம் ஒன்றும் நிற்கிறது. அது ஸ்மித்தின் உருவம் என்பர். 1926-ஆம் ஆண்டில் ஸ்மித் லிஸ்பன் நகரில் நுரையீரல் அழற்சியால் இறந்தார். மாளிகை முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. பின்னர் அவர் குடும்பத்தார் அதனை விற்றனர்.

முற்றுப்பெறாத கட்டடத்தில் ஒரு நன்மை உண்டு. முடிந்த கட்டடம் தன் உட்புறத்தைப் பூச்சால் மறைத்துவிடும், இம்மாளிகை மறைக்கவில்லை. பூச்சு உதிர்ந்த இடங்களில் செங்கல் வரிசையும், வளைவுகளின் அடுக்கும் வெளிப்படையாகத் தெரிகின்றன. வளைவில் உள்ள ஒவ்வொரு செங்கல்லும் தன் அயலானை நெருக்கி, அந்நெருக்கத்தாலேயே விழாமல் நிற்கிறது. பசை அங்கே துணை மட்டுமே, அமுக்கமே முதல். மண்சுவரில் நிலையைப் பிடித்து நிறுத்திய அதே நெறி, இங்கே வளைவாக உருவெடுத்திருக்கிறது. 

மாளிகைக்கு உரியவர் பெயர் எல்லார்க்கும் தெரியும். கட்டிய கொத்தர் பெயர் ஒன்றேனும் பொதுவழக்கில் இல்லை. ஆயினும், தங்களுக்குக் கோயில் தந்தவரின் உருவத்தைச் சுதையில் நிறுத்தித் தம் நன்றியை எழுதிவைத்தவர்கள் தமிழ்த் தொழிலாளர். அவர்கள் நன்றியைப் பொறித்தார்கள். தம் பெயரைப் பொறிக்கவில்லை.

சுதையும் இரும்பும்

சுதையுருவம் ஒரே பொருளால் ஆவதன்று. சுவரிலிருந்து செங்கல்லை வெளியே நீட்டி வைத்து உடலுக்கு உருக்கொடுப்பர். அதன்மேல் பருஞ்சாந்தும், அதற்குமேல் நுண்சாந்தும் படிப்படியாகப் பூசுவர். நீட்டிய கைக்கும், ஏந்திய படைக்கலத்துக்கும் உள்ளே ஒரு தாங்கு கோல் வேண்டும். அக்கோலில் கயிறோ கம்பியோ சுற்றுவது வழக்கம். வழுவழுப்பான கோலில் சாந்து வழுக்கும். சுற்றிய கயிற்றின் இடுக்குகளில் புகுந்த சாந்து இறுகும்போது பற்களைப்போல் கவ்விக்கொள்ளும். 

அக்கோல் இரும்பாயின், அங்கே ஒரு பகையும் உடன் புதைக்கப்படுகிறது. புதிய சுண்ணாம்பின் காரத்தன்மை இரும்பைத் துருப்பிடிக்காமல் காக்கும். ஆனால், சுண்ணாம்பு கரியமில வாயுவை உட்கொண்டு கல்லாகக் கல்லாகக் காரம் குறைகிறது. அதாவது, எந்த மாறுதலால் காரை வலிமை பெறுகிறதோ, அதே மாறுதலால் இரும்பு தன் காவலை இழக்கிறது. பின்னர் மழைநீர் புகுந்தால் இரும்பு துருவாகும். துருவின் பருமன் இரும்பின் பருமனைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை மிகுதி. உள்ளிருந்து விரியும் துரு, தன்னைத் தழுவி நின்ற சாந்தையே பிளந்து வீழ்த்துகிறது. கோபுரப் பதுமைகளில் முதலில் கையும் விரலும் உடைவதன் காரணம் இதுவே.

1960-களில் ஈப்போவிலேயே சிமெண்டு ஆலை எழுந்தது. சிமெண்டு விரைந்து இறுகும், மழைக்கு அஞ்சாது, அரைக்கச் செக்கு வேண்டாம். ஆதலின் சுண்ணாம்புக் காரை விரைவில் வழக்கொழிந்தது. சிமெண்டைப் பழிப்பது அறிவுடைமையாகாது. அதன் அடர்த்தி இரும்பை நெடுங்காலம் காக்கவல்லது. ஆனால் கம்பியின்மேல் பூச்சு மெல்லியதாயின் அங்கும் அதே துரு, அதே பிளவு. பழைய சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டைப் பூசுவதோ பெருந்தவறு. சுண்ணாம்புச் சுவர் தன் ஈரத்தைத் தானே வெளிவிட்டு உலரும் இயல்புடையது. சிமெண்டுப் பூச்சு அவ்வழியை அடைத்துவிடும். உள்ளே தங்கிய ஈரமும் உப்பும் செங்கல்லை அரிக்கும். புறத்தே வலிமையாகத் தோன்றும் சுவர் அகத்தே பொடியாகும். ஈப்போவின் பழைய கடைவீடுகளைப் பழுதுபார்ப்போர் மறக்கலாகாத செய்தி இது.

அட்டபந்தனம்

பிடிமானக் கலையின் நுட்பத்தைக் காண விரும்புவோர் கருவறைக்குச் செல்ல வேண்டும். பீடத்தில் திருவுருவத்தைப் பொருத்தும் அட்டபந்தனம் என்னும் மருந்தில் மண்ணும் உண்டு, மண்ணல்லாதனவும் உண்டு. கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான்கல், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்னும் எட்டையும் இடித்து இடித்துப் பதப்படுத்துவர். சுக்கான்கல்லும் காவியும் மண்சுவரில் மணல் செய்யும் வேலையைச் செய்கின்றன; அரக்கும் குங்கிலியமும் பசையாகின்றன; செம்பஞ்சு வைக்கோலின் இடத்தில் நிற்கிறது; மெழுகும் வெண்ணெயும் நெகிழ்ச்சி தருகின்றன. இதில் நீர் இல்லை. ஆதலின் மண்போல் உலர்ந்து சுருங்கிப் பிளவதில்லை. திருமுழுக்கு நீர் பீடத்துக்குள் இறங்கவும் விடுவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல நெகிழ்ச்சி குறைந்து இறுகி வெடிக்கத் தொடங்கும். பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை அதனைப் புதுப்பித்துக் குடமுழுக்குச் செய்யும் மரபு, சமயக் கடமையோடு பொருளியல் அறிவையும் தன்னுள் கொண்டது. எந்தப் பிடியும் என்றென்றைக்கும் அன்று. காலந்தோறும் புதுப்பித்தாக வேண்டும் என்பதை முன்னோர் நாள் குறித்தே வைத்தனர்.

அடித்தளத்தில் பொருள் பதிக்கும் வழக்கமும் இந்நாட்டுக்குப் புதிதன்று. பேராக்கின் வடக்கே கெடா மாநிலத்தில், பூஜாங் பள்ளத்தாக்கைச் சேர்ந்த புக்கிட் பத்து பஹாட் கோயிலை 1959, 1960-ஆம் ஆண்டுகளில் அலஸ்தர் லேம் ஆராய்ந்து சீரமைத்தபோது, அறைகள் வகுத்த கற்பேழைகள் அடித்தளத்தில் புதைந்திருக்கக் கண்டார். மேலிருந்த மரக்கூரை சுவடின்றி அழிந்தது. அடியில் அசைவின்றி அழுந்திக் கிடந்தவை பல நூற்றாண்டு கடந்தும் இருந்த இடத்திலேயே இருந்தன.

நிலம் போனால் பிடி ஏது?

பிடிப்பது பொருளின் வலிமையால் மட்டும் அன்று. அது நிற்கும் நிலம் நிலைத்திருப்பதாலும் ஆகும். 1950-களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. தொழிலாளர் வேலையும் வீடும் ஒருங்கே இழந்தனர். பேராக்கின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் 1960-ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவியதன் நோக்கம், தொழிலாளர் தாம் உழைத்த நிலத்துக்குத் தாமே உரியவராதல் வேண்டும் என்பது. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீட்டுமனைகள் வந்தன. தோட்டக் கோயில்கள் பல, கட்டியவர்க்கு உரிமையில்லாத நிலத்தில் நின்றவை. இடம் மாறியவை சில. இல்லாது போனவை சில. சூலத்தை எத்துணை ஆழமாக நட்டாலும், நிலப்பட்டா இல்லாத ஆழம் ஆழமன்று என்பதை அவ்வரலாறு கற்பித்தது.

கோயில்களோடு மறையும் மற்றொன்று சொல். காரை, சுதை, பருஞ்சாந்து, கரணை, தூக்குக்குண்டு, மட்டப்பலகை முதலிய சொற்கள் அகராதியில் இருக்கலாம். கடுக்காய் நீர் எத்தனை நாள் ஊற வேண்டும், சாந்து பதம் வந்ததை விரல் எவ்வாறு அறியும் என்பன அகராதியில் இல்லை. முதிய கொத்தர் சிலரிடம் மட்டுமே உள்ளன. தமிழாசிரியர்கள் மாணவரை அவர்களிடம் அழைத்துச் சென்று அச்சொற்களையும் செய்முறைகளையும் எழுதிவைத்தல் இக்காலத்தில் செய்யத்தகும் நற்பணி. பழைய கோயிலைப் புதுப்பிக்கும் குழுவினரும், இடிக்குமுன் சுவரின் அமைப்பையும் சுதையின் அடுக்குகளையும் படமெடுத்துக் குறித்துவைத்தல் வேண்டும். அறிவும் ஈரமண் போன்றதே. குழைந்திருக்கும் காலத்தில் பதித்தது நிற்கும். உலர்ந்தபின் அறைந்தது நில்லாது.